மதில் தருவது நேரம்தான்

2015 ஜூலை 11, இரவு 8.52 மணி. மெக்சிகோ நகரத்துக்கு மேற்கே உள்ள அல்டிபிளானோ சிறையின் தனியறை ஒன்றில், 'எல் சாப்போ' என்று உலகம் அறிந்த போதைப்பொருள் கடத்தல் தலைவர் ஹொவாக்கின் குஸ்மான், குளியல் மூலையின் குட்டைச் சுவருக்குப் பின்னால் போய்க் குனிந்தார். கேமரா இரவு பகலாக அவர்மேலேயே இருந்தது. குளிக்கும் இடம் மட்டும் அதன் பார்வையில் விழாது. கைதியின் மானத்தைக் கருதி விட்ட இடைவெளி அது. குனிந்தவர் நிமிரவில்லை. தரையில் அரை மீட்டர் அகலத்தில் ஒரு துளை, சுமார் பத்து மீட்டர் ஆழத்துக்கு ஓர் ஏணி, அதன் அடியில் ஒன்றரை கிலோமீட்டர் நீளச் சுரங்கம். சுரங்கத்துக்குள் மின்விளக்கு, காற்றுக்குழாய், தண்டவாளத்தில் ஓடும்படி மாற்றிய மோட்டார் சைக்கிள் எல்லாம் இருந்தன.

அல்டிபிளானோ மெக்சிகோவின் மிகக் கண்டிப்பான சிறைகளில் ஒன்று. அன்று இரவு அதன் மதிலில் ஒரு கீறலும் விழவில்லை, ஒரு கம்பியும் அறுபடவில்லை. எல்லாம் வைத்தது வைத்தபடி இருக்க, ஆள் மட்டும் போய்விட்டார். சிறைப் பாதுகாப்பு என்றதும் உயரமான மதிலையும் இரும்புக் கதவையும்தான் நினைத்துக்கொள்கிறோம். இவ்வளவும் இருந்தும் சிறை ஏன் தோற்கிறது என்பதற்குப் பாதுகாப்புப் பொறியியலில் தெளிவான விடை உண்டு.

மூன்று நேரங்கள்

அணுமின் நிலையமானாலும் வங்கிப் பெட்டகமானாலும் சிறையானாலும், பாதுகாப்புப் பொறியாளர்கள் போடும் அடிப்படைக் கணக்கு ஒன்றுதான். கண்டறிதல், தாமதப்படுத்துதல், எதிர்வினை ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் பாதுகாப்பு. உடைக்க முடியாத சுவர் என்று ஒன்று உலகத்தில் கிடையாது. போதிய நேரமும் கருவியும் கிடைத்தால் எந்தக் கான்கிரீட்டும் வழிவிடும். ஆகவே, ஒரு மதிலின் வலிமையைப் பொறியாளர் மீட்டரில் அளந்து நிறுத்துவதில்லை; நிமிடத்திலும் அளக்கிறார்.

அறையிலிருந்து வெளிமதிலைத் தாண்ட ஒருவருக்கு 10 நிமிடம் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். முதல் நிமிடத்தில் அபாய மணி அடித்து, அடுத்த 5 நிமிடத்தில் காவலர் குழு வந்துவிட்டால் அவர் பிடிபடுவார். மணி 7ஆவது நிமிடத்தில் அடித்தால், குழு வரும்போது 12 நிமிடம் கடந்திருக்கும். மதிலும் அதேதான், குழுவும் அதேதான், ஆள் வெளியே. கண்டறிந்த பிறகு கிடைக்கும் தாமதத்துக்கு மட்டுமே மதிப்பு. அதற்கு முன்பு சுவர் எத்தனை மாதம் தாக்குப்பிடித்தாலும் அது கணக்கில் சேராது. மாதக்கணக்கில் ஆளில்லாமல் கிடக்கும் வீட்டில் எவ்வளவு பெரிய பூட்டைத் தொங்கவிட்டு என்ன பயன்?

சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் உள்ள அல்காட்ராஸ் தீவுச் சிறையில் நடந்தது இதுவே. கடல் காற்றின் உப்பு ஏறி அரித்துப்போயிருந்த கான்கிரீட்டை, கரண்டிகளையும் தாங்களே செய்த துளைக்கருவியையும் கொண்டு கைதிகள் மாதக்கணக்கில் சுரண்டினார்கள். அறைகளின் பின்பக்கம் குழாய்கள் ஓடும் இடைவெளி ஒன்று இருந்தது. அங்கே காவல் இல்லை. உண்மையான தலைமுடி ஒட்டிய பொம்மைத் தலைகளைப் படுக்கையில் வைத்துவிட்டு, 1962 ஜூன் மாதத்தில் மூன்று பேர் அந்த வழியாக ஏறி, மழைக்கோட்டுகளை ஒட்டிச் செய்த தெப்பத்தில் கடலில் இறங்கினார்கள். அவர்கள் பிழைத்தார்களா என்பது இன்றுவரை உறுதியாகவில்லை. சுவர் தன் பங்குக்கு மாதக்கணக்கில் தாமதம் தந்தது. படுக்கையில் இருப்பது தலையா பொம்மையா என்று தொட்டுப் பார்க்கத்தான் ஆளில்லை.

நமக்கு நெருக்கமான சான்றும் உண்டு. அகழியும் கருங்கல் மதிலும் சூழ்ந்த வேலூர்க் கோட்டையில், திப்பு மகாலில் அடைத்து வைக்கப்பட்டிருந்த விடுதலைப் புலிகள் இயக்கத்தினர் 43 பேர், 1995 ஆகஸ்ட் மாதத்தில் சுரங்கம் தோண்டித் தப்பினார்கள். படைகளைத் தடுக்கக் கட்டிய கோட்டை, உள்ளேயிருந்து மண் தோண்டுகிறவரைப் பற்றி எந்தத் தகவலும் தராது.

ஒரே கண்ணால் எல்லோரையும்

கண்டறியும் வேலையைக் கட்டடத்திடமே ஒப்படைக்கலாம் என்று முதலில் விரிவாகத் திட்டம் போட்டவர் ஆங்கிலச் சிந்தனையாளர் ஜெரமி பெந்தம். ரஷ்யாவில் பணியாற்றிய தம்பி சாமுவேலின் தொழிற்கூட யோசனையை விரித்து, 1791இல் அவர் வெளியிட்ட திட்டம்தான் 'பனாப்டிகான்'. வட்டமான கட்டடத்தின் விளிம்பில் அறைகள், நடுவே ஒரு கோபுரம். கோபுரத்தில் இருப்பவருக்கு எல்லா அறையும் தெரியும். அறையில் இருப்பவருக்குக் கோபுரத்தில் ஆள் இருக்கிறாரா என்பதே தெரியாது. பிரிட்டன் அரசு அதைக் கட்டவில்லை. பிற்காலத்தில் கியூபாவில் இதே பாணியில் எழுந்த பிரசிடியோ மொடேலோ சிறையில்தான் பிடல் காஸ்ட்ரோ 1950களில் அடைபட்டுக் கிடந்தார்.

உலகம் அதிகம் பின்பற்றியது இன்னொரு வடிவத்தை. 1829இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஜான் ஹாவிலண்டின் வடிவமைப்பில் திறக்கப்பட்ட ஈஸ்டர்ன் ஸ்டேட் சிறையில், மையத்திலிருந்து கட்டடக் கைகள் நாலாபுறமும் நீண்டன. அந்தமானில் 1896இல் தொடங்கி 1906இல் முடிந்த செல்லுலார் சிறை அதே குடும்பத்தைச் சேர்ந்தது. மையக் கோபுரம், அதிலிருந்து விரியும் ஏழு மூன்றடுக்குக் கட்டடங்கள், ஏறக்குறைய 700 தனியறைகள். ஒவ்வோர் அறையும் 4.5 மீட்டருக்கு 2.7 மீட்டர். ஒரு கட்டடத்தின் முகப்பு அடுத்த கட்டடத்தின் முதுகைப் பார்த்திருக்கும். எதிரெதிரே நின்று இருவர் சைகை காட்டவும் வழியில்லை. தாழ்ப்பாளைக் கதவிலிருந்து தள்ளிச் சுவர்க் குழிக்குள் வைத்ததால், கம்பி வழியே கையை நீட்டினாலும் எட்டாது.

பூட்டு விஷயத்தில் அது கெட்டிக்காரக் கட்டடம். ஆனால் மனிதர்களைப் பிரித்துவைக்கும் நோக்கம் பலிக்கவில்லை. 1933இலும் 1937இலும் அங்கிருந்த அரசியல் கைதிகள் ஒன்றுபட்டு உண்ணாவிரதம் இருந்தார்கள். இரண்டாவது போராட்டத்துக்குப் பிறகு அவர்களைத் தாய்நிலத்துச் சிறைகளுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று.

நீண்ட தாழ்வாரச் சிறைகளுக்கு அடிப்படையான குறை ஒன்று உண்டு. ரோந்து போகும் காவலர் ஒவ்வோர் அறையையும் சில விநாடிகள்தான் பார்க்கிறார். அவர் கடந்து போனதும் அடுத்த ரோந்து வரை அறை பார்வைக்கு வெளியே. இதை மாற்ற 1970களின் நடுவில் அமெரிக்கக் கூட்டாட்சி அரசு சிகாகோ, நியூயார்க், சான் டியேகோ நகரங்களில் புதுவகைச் சிறைகளைக் கட்டியது. அறைகள் ஒரு பொதுக்கூடத்தைச் சுற்றி அமைந்தன. காவலர் கண்ணாடிக் கூண்டுக்குள் இல்லாமல், தடுப்பே இல்லாத அந்தக் கூடத்தில், கைதிகள் நடுவே அமர்ந்தார். காவலரின் உயிருக்கு ஆபத்து என்று பலரும் அஞ்சினார்கள். நடந்ததோ வேறு. இத்தகைய சிறைகளில் அடிதடி குறைந்தது, பொருள்களை உடைப்பதும் குறைந்தது. உடைக்க முடியாத எஃகுக் கழிப்பறைக்குப் பதில் சாதாரணப் பீங்கானே போதும் என்ற நிலை வந்ததால் கட்டுமானச் செலவும் இறங்கியது.

வேலியின் அறிவியல்

வெளி எல்லைக்கு வருவோம். சிறைகளில் பயன்படும் ஏறமுடியாத வலைவேலியைக் கவனித்தால் அதன் கண்கள் குறுக்கே நீண்டு இடுங்கியிருக்கும். ஒவ்வொன்றும் 76 மில்லிமீட்டர் நீளம், 12.7 மில்லிமீட்டர் உயரம். விரல் நுழையாது, காலை ஊன்ற முடியாது. 4 மில்லிமீட்டர் கம்பியைக் கத்தரிக்கும் கருவியின் வாயும் எளிதில் உள்ளே போகாது. பிரிட்டன் சிறைகளில் மதிலின் உச்சியை உருண்டையாகப் பூசுவார்கள். கொக்கிக் கயிற்றை எறிந்தால் பற்றிக்கொள்ள விளிம்பு இருக்கக் கூடாது என்பதற்காக.

வேலிக்கும் மதிலுக்கும் இடையே மரம், செடி, கொட்டகை எதுவும் இல்லாத வெற்று நிலத்தை விடுவதும் கணக்கோடுதான். அங்கே ஓர் உருவம் அசைந்தால் அது இருக்கக் கூடாத உருவம் என்பது ஐயமறத் தெரியும். வேலியின் அதிர்வை உணரும் கேபிள், மண்ணுக்கடியில் புதைத்த உணரி, இரு கம்பங்களுக்கு இடையே ஓடும் நுண்ணலைக் கற்றை ஆகியவை உள்வேலியிலும் அந்த வெற்று நிலத்திலும் அமைகின்றன. வெளிமதிலில் மட்டும் வைத்தால், மணி அடிக்கும்போது தாமதம் முழுவதும் செலவாகியிருக்கும்.

இந்த உணரிகளுக்குப் பெரிய எதிரி கைதியை விடக் காற்றும் மழையும் நாயும் காக்கையும்தான். ஓர் இரவில் முப்பது தடவை வீணாக அலறும் மணியை முப்பத்தோராவது தடவை நம்பி ஓட யாருக்கும் மனம் வராது. நல்ல அமைப்பு என்பது இரண்டு வேறு வகை உணரிகளை ஒன்றோடொன்று சரிபார்க்க வைத்து, வீண் மணியைக் குறைப்பது.

ஒரு பற்றவைப்பு, ஒரு கண்ணாடி

அடுக்கடுக்கான தடுப்புகள் இருந்தும் எல்லாம் ஒரே புள்ளியில் கூடினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் இரண்டு கொடிய சான்றுகள் உள்ளன. நியூயார்க் மாநிலத்தின் அட்டிகா சிறையில் நான்கு பிரிவுகளின் தாழ்வாரங்கள் சந்திக்கும் இடத்துக்கு 'டைம்ஸ் சதுக்கம்' என்று பெயர். 1971 செப்டம்பர் 9 அன்று கலவரம் வெடித்தபோது, கைதிகள் அங்கிருந்த இரும்புக் கதவை மோதித் தள்ளினார்கள். தாங்கியிருக்க வேண்டிய கதவு தாங்கவில்லை. பூட்டுத் தண்டில் இருந்த பழைய பற்றவைப்பு ஒன்று சரியாக அமையாமல், பெயின்ட் பூச்சுக்கு அடியில் பல்லாண்டுகள் மறைந்து கிடந்திருந்தது. அது முறிந்ததும் சிறை முழுவதும் திறந்தது. நான்கு நாள் கழித்துப் போலீஸார் சுட்டுக்கொண்டே உள்ளே நுழைந்தார்கள். மொத்தம் 43 உயிர்கள் போயின.

1980 பிப்ரவரியில் நியூ மெக்சிகோ மாநிலச் சிறை. இரவில் மூடியிருக்க வேண்டிய தாழ்வாரக் கதவு திறந்தே கிடந்தது. கட்டுப்பாட்டு அறைக்கு, உடையாது என்ற நம்பிக்கையில், சில வாரங்களுக்கு முன்புதான் புதுக் கண்ணாடி போட்டிருந்தார்கள். கைதிகள் அதை உடைத்து நுழைந்ததும் சிறையின் சாவிகள் எல்லாம் அவர்கள் கையில். பழுதுபார்ப்பு வேலைக்காக உள்ளே விட்டுவைத்திருந்த எரிவாயு வெட்டுக்கருவிகளும் கிடைத்தன. 33 கைதிகள் சக கைதிகளாலேயே கொல்லப்பட்டார்கள். எல்லாச் சாவியையும் ஓர் அறையில் குவித்தால், அந்த அறையின் கண்ணாடிதான் முழுச் சிறையின் பலம். ஆகவேதான் இன்றைய வடிவமைப்பில் ஒரு பகுதி விழுந்தாலும் அடுத்த பகுதி தனியே பூட்டிக்கொள்ளும்படி சிறையைத் துண்டுதுண்டாகப் பிரிக்கிறார்கள்.

வாசல், சாவி, டிபன் பை

சிறையின் பிரதான வாசலில் இரண்டு கதவுகள் இருக்கும். ஒன்று மூடிய பிறகுதான் மற்றது திறக்கும். நம் ஊர்ப் பழைய சிறைகளில், பெரிய கதவைத் திறக்காமல் அதில் உள்ள திட்டிவாசல் வழியாக ஒவ்வொருவராகக் குனிந்து நுழைய வைப்பதும் இதே தத்துவம். வேகமாக ஓடி வர முடியாது, கூட்டத்தில் கலந்து நழுவவும் முடியாது. நவீனச் சிறைகளில் இந்தப் பூட்டுகளை மின்சுற்று இணைக்கிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் திறக்கக் காவலரே நினைத்தாலும் முடியாது.

சாவி அதைவிட நுட்பமான விஷயம். இங்கிலாந்தின் பார்க்ஹர்ஸ்ட் சிறையிலிருந்து 1995 ஜனவரி 3 அன்று தப்பிய மூவர், பல கதவுகளைத் திறக்கும் சாவி ஒன்றைச் சிறைப் பட்டறையிலேயே செய்து வைத்திருந்தார்கள். காவலர் இடுப்பில் தொங்கிய சாவியைப் பார்த்து மனத்தில் பதித்துக்கொண்ட வடிவம்தான் அதற்கு மாதிரி. மதிலைத் தாண்ட ஏணியும் அங்கேயே தயாரானது. சில நாள்களில் மூவரும் பிடிபட்டார்கள். ஆனால் சாவியின் பல் வரிசை கைதியின் கண்ணில் படுவதே கசிவுதான் என்ற பாடம் நிலைத்தது. 2006இல் லண்டனின் பெல்தம் இளையோர் சிறையில் சாவி ஒன்று படம்பிடிக்கப்பட்டதால், ஆயிரக்கணக்கான பூட்டுகளை மாற்ற வேண்டி வந்தது.

வாசல் சோதனை யாருக்கு என்பது அடுத்த கேள்வி. பார்வையாளரைத் தலை முதல் கால் வரை சோதிக்கும் சிறையில், தினமும் வரும் ஊழியரின் டிபன் பையைத் திறந்து பார்க்கக் கூச்சம். நியூயார்க் மாநிலத்தின் டானமோரா சிறையிலிருந்து 2015 ஜூன் மாதத்தில் இருவர் தப்பினார்கள். அறையின் எஃகுச் சுவரை அறுக்க உதவிய ரம்பத் தகடுகளை, உறைந்த இறைச்சிக்குள் மறைத்து உள்ளே அனுப்பியவர் சிறைத் தையற்கூட ஊழியர். இரவுக் கணக்கெடுப்பும் அறைச் சோதனையும் வாசல் சோதனையும் பெயருக்கு நடந்ததாக அடுத்த ஆண்டு வெளிவந்த மாநில விசாரணை அறிக்கை சொன்னது. தில்லி திகார் சிறையில் 1986 மார்ச் 16 அன்று சார்லஸ் சோப்ராஜ் பிறந்தநாள் விருந்து என்று மயக்க மருந்து கலந்த இனிப்பைக் காவலர்களுக்குக் கொடுத்துவிட்டு, வாசல் வழியாகவே நடந்து போனார்.

எந்திரம் இந்தச் சபலங்களுக்கு மயங்காது என்று சொல்லலாம். ஆனால் எந்திரத்துக்கு வேறு பலவீனம். தொழிற்சாலை எந்திரங்களை இயக்கும் அதே வகைக் கட்டுப்பாட்டுக் கணினிகள்தான் பல சிறைகளின் கதவுகளையும் இயக்குகின்றன. அவற்றை ஊடுருவிக் கதவுகளைத் திறக்க முடியும் என்று 2011இல் அமெரிக்க ஆய்வாளர்கள் செய்துகாட்டினார்கள். சிறைக் கதவுகளின் வலையமைப்பு இணையத்தோடு ஒட்டாமல் தனித்திருக்க வேண்டும் என்ற விதி வலுப்பெற்றது இத்தகைய எச்சரிக்கைகளால்தான்.

திரை முன் உட்கார்ந்த கண்

கேமராக்களைப் பெருக்கினால் போதாதா? நார்மன் மாக்வொர்த் என்ற பிரிட்டன் உளவியலாளர் இரண்டாம் உலகப் போர்க் காலத்து ராடார் பணியாளர்களை மனத்தில் வைத்து ஒரு சோதனை செய்து, 1948இல் வெளியிட்டார். எண்களே இல்லாத கடிகாரத்தில் முள் தத்தித் தத்தி நகரும். எப்போதாவது ஒரு தடவை இரட்டைத் தாவல் தாவும். அதைக் கண்டதும் பொத்தானை அழுத்த வேண்டும். முதல் அரை மணி நேரத்துக்குப் பிறகு தவறவிடுவது குறிப்பிடத்தக்க அளவு கூடியது. சோம்பலோ அக்கறையின்மையோ காரணமில்லை. அரிதாக நிகழும் ஒன்றுக்காக விடாமல் விழித்திருக்க மனித மூளையால் இயலாது.

கேமரா நடந்ததைப் பிறகு நிரூபிக்கும். நடக்கப்போவதை முன்கூட்டிச் சொல்ல அதற்குத் தெரியாது. அல்டிபிளானோவில் அன்றைய ஒலிப்பதிவு பின்னர் வெளியானபோது, அறையிலிருந்து இடிக்கும் ஓசை தெளிவாகக் கேட்டது. கருவி கேட்டிருந்தது; மனிதர் யாரும் எழுந்து போய்ப் பார்க்கவில்லை.

இங்கேதான் மூன்றாவது வகைப் பாதுகாப்பு வருகிறது. சுவரும் பூட்டும் பருப்பொருள் பாதுகாப்பு. கணக்கெடுப்பும் சோதனையும் நடைமுறைப் பாதுகாப்பு. பிரிட்டன் சிறை நிர்வாகி இயன் டன்பர் 1980களில் முன்வைத்தது 'இயங்குநிலைப் பாதுகாப்பு'. காவலர் சிறைவாசிகளோடு தினமும் பேசிப் பழகி, அவர்கள் இயல்பை அறிந்திருந்தால், மாற்றம் முதலில் அவர் கண்ணில்தான் படும். வழக்கமாகக் கேரம் ஆடுகிறவர் இன்று ஏன் ஒதுங்கி நிற்கிறார், இருவர் ஏன் திடீரென்று பேச்சை நிறுத்துகிறார்கள், ஒருவர் ஏன் சாப்பிடவில்லை என்பதைச் சொல்லும் உணரி இதுவரை விற்பனைக்கு வரவில்லை. ஒருவரை மிரட்டியோ ஆசைகாட்டியோ பெறும் துப்பு இதில் சேராது. நியூ மெக்சிகோவில் அப்படிப்பட்ட ஒற்றர் முறையே பகையை மூட்டி, கொலைகளுக்குக் காரணங்களில் ஒன்றாயிற்று.

நார்வேயில் 2010இல் திறந்த ஹால்டன் சிறை இயங்குநிலைப் பாதுகாப்பின் வழியில் அமைந்தது. அங்கும் 6 மீட்டர் மதில் உண்டு. ஆனால் துப்பாக்கியோடு நிற்கும் காவல் கோபுரமோ மின்வேலியோ கிடையாது. காவலர் வேலைக்கு வர இரண்டு ஆண்டுப் படிப்பு. பணி நேரத்தின் பெரும்பகுதி சிறைவாசிகளோடு கழிகிறது.

நேர்மாறான வழியும் உண்டு. 1994இல் அமெரிக்காவின் கொலராடோவில் திறந்த புளோரன்ஸ் உச்சப் பாதுகாப்புச் சிறையிலிருந்து ஒருவரும் தப்பியதில்லை. மீண்டும் பிடிபட்ட குஸ்மான் இப்போது இருப்பது அங்கேதான். நாளில் 23 மணி நேரம் வரை தனியறையில் அடைக்கும் அந்த முறையில் மனநோயுள்ள கைதிகளுக்கு உரிய சிகிச்சை இல்லை என்று 2012இல் வழக்குத் தொடுக்கப்பட்டு, உடன்பாட்டின் பேரில் நிர்வாகம் சிகிச்சை முறைகளை மாற்ற வேண்டியதாயிற்று. சில நூறு பேரை அப்படி வைக்கலாம். ஒரு நாட்டின் சிறைகள் அனைத்தையும் அவ்வாறு நடத்தப் பணமும் இல்லை, நியாயமும் இல்லை.

திறக்க வேண்டிய நேரத்தில்

பூட்டுவதில் மட்டும் கருத்தைச் செலுத்தும் சிறைக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு. 2012 பிப்ரவரி 14 இரவு ஹோண்டுராஸ் நாட்டின் கோமயாகுவா சிறையில் தீப்பிடித்தது. இடத்துக்கு மீறி 800க்கும் மேற்பட்டோர் அடைபட்டிருந்தனர். சாவிகள் உரிய நேரத்தில் வரவில்லை. 350க்கும் மேற்பட்டோர் பூட்டிய கதவுகளுக்குப் பின்னால் இறந்தார்கள். மின்சாரம் போனால் மருத்துவமனைக் கதவு திறந்துகொள்ள வேண்டும். சிறைக் கதவு பூட்டியபடி நிற்க வேண்டும். அப்படி நிற்கும் கதவைத் தீ வந்தால் சில நிமிடங்களில் கையால் திறக்க, பயிற்சி பெற்ற ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டும். பாதுகாப்பு என்ற சொல்லில் உள்ளே இருப்பவரின் உயிரும் அடக்கம்.

நம் சிறைகளின் கணக்கு

இந்தியாவின் மாதிரிச் சிறைக் கையேடு, ஆறு சிறைவாசிகளுக்கு ஒரு காவலராவது வேண்டும் என்கிறது. நடப்பு வேறு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்கின்படி, நூறு பேருக்கான இடத்தில் 131 பேர் இருந்தார்கள். அவர்களில் நான்கில் மூன்று பேர் தண்டனை பெறாத விசாரணைக் கைதிகள். மறுபக்கம், அனுமதிக்கப்பட்ட சிறைப் பணியிடங்களில் ஏறக்குறைய 30 விழுக்காடு காலியாக இருந்தன. செல்போன் தடுப்புக் கருவியும் ஸ்கேனரும் கேமராவும் வாங்கப்படுகின்றன. அவை தேவைதான். ஆனால் மணி அடித்ததும் ஓடி வர ஆளில்லாத இடத்தில் அந்தக் கருவிகள் பதிவேடு மட்டுமே எழுதும்.

எனவே பாதுகாப்புக்கான பணத்தை எங்கே முதலில் செலவிடுவது என்பதற்கு அறிவியல் தரும் வரிசை இது: காலிப் பணியிடங்களை நிரப்புவது, நிரப்பியவர்களுக்கு முறையான பயிற்சியும் ஓய்வும் தருவது, ஜாமீன் கிடைத்தும் பிணைத்தொகை கட்ட முடியாமல் கிடப்பவர்களை வெளியே அனுப்பி நெரிசலைக் குறைப்பது. கேமராவும் உயர்ந்த மதிலும் அதற்குப் பிறகு. ஆறு பேருக்கு ஒருவர் என்ற ஏட்டு விகிதம் சிறைத் தொகுதிக்குள் நடைமுறைக்கு வராத வரை, மதிலை எத்தனை மீட்டர் உயர்த்தினாலும் நம் சிறைகள் பாதுகாப்பானவை என்று சொல்ல முடியாது.